கையெழுத்து வாங்கிவிட்டால் கூட்டம் நடந்ததாகிவிடுமா?

"அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்குப்பா?"

"கிராம சபைக்குத்தான். ஆள் கணக்கு குறையுது."

"கூட்டம் எப்போ?"

"அது முடிஞ்சிருச்சுக்கா."

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நோட்டை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டு வருவார். கிராமம் என்றால் தெரிந்த தம்பி ஒருவர் வருவார். அடுப்பில் குழம்பு கொதிக்கும். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்த ஒரு கையெழுத்து, 'நான் கூட்டத்துக்கு வந்தேன், பேசியதைக் கேட்டேன், தீர்மானத்துக்கு ஒப்புக்கொண்டேன்' என்று மூன்று சாட்சிகளைச் சொல்லிவிடுகிறது. சமவெளிக் கிராமத்தில் இதனால் ஒரு தெருவிளக்கோ, ஒரு குடிநீர்க் குழாயோ கைநழுவலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற இடங்களில் போகக்கூடியது அதைவிடப் பெரியது. தலைமுறையாக உழுத நிலத்துக்கான உரிமைக் காகிதமே அங்கே ஒரு கூட்டத்தின் தீர்மானத்தில்தான் தொடங்குகிறது.

சட்டத்தின் பார்வையில் நாலு பேர் கூடிப் பேசியதெல்லாம் கூட்டம் ஆகாது. முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும். போதுமான ஆட்கள் வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதிய பதிவு வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், நல்ல நோக்கத்தோடு எடுத்த தீர்மானம்கூடப் பின்னாளில் கேள்விக்கு உள்ளாகும்.

மன்றம் வேறு, சபை வேறு

பலருக்கும் குழப்பம் தொடங்குவது இங்கேதான். அடுக்குமாடிக் குடியிருப்பை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று, தலைவர், செயலாளர், பொருளாளர் அடங்கிய நிர்வாகக் குழு. இன்னொன்று, வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் அடங்கிய பொதுக்குழு. தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி, காவலாளி சம்பளம் போன்ற அன்றாட வேலைகளைக் குழு பார்த்துக்கொள்ளும். பெரிய முடிவு என்றால் பொதுக்குழுவுக்கு வர வேண்டும்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல் இயற்றப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது அந்தச் சட்டம். அதாவது, வராமல் இருப்பவரின் வீட்டையும் சேர்த்தேதான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். கூட்ட அறிவிப்பைப் படிக்காமல் மடித்து வைப்பவர் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கிராமத்திலும் இதே அமைப்புதான். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் சேர்ந்தது ஊராட்சி மன்றம். இதை நிர்வாகக் குழுவுக்கு ஒப்பிடலாம். ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்தது கிராம சபை. இது பொதுக்குழு மாதிரி. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

மன்ற உறுப்பினராக வேண்டுமென்றால் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். கிராம சபை உறுப்பினராக 18 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அந்தப் பதவி யாரும் கொடுத்ததல்ல. யாரும் பறிக்கவும் முடியாது. 'எங்க வீட்டுக்காரர் போயிருக்கார், நான் எதுக்கு?' என்று சொல்லும் பெண்களும் தனித்தனி உறுப்பினர்கள்தான். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு கிராம சபையில் கிடையாது.

ஆறு நாட்கள், ஏழு நாட்கள்

கிராம சபை ஆண்டுக்குக் குறைந்தது 2 முறை கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு இடையே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது சட்டம். நடைமுறையில் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாட்கள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. ஜனவரி 26 குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே 1 தொழிலாளர் நாள், ஆகஸ்ட் 15 சுதந்திர நாள், அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி நாள். முன்பு 4 நாட்களாக இருந்ததோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் 2022-ல் சேர்ந்தன.

தேதி எல்லோருக்கும் தெரியும்தானே, தனியாக எதற்கு அறிவிப்பு என்று விட்டுவிட முடியாது. எந்த இடம், எத்தனை மணி, எதைப் பற்றிப் பேச்சு என்பதை 7 நாட்களுக்கு முன்பே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு காலத்தில் தண்டோரா போட்டார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று 2022-ல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். மலையில் ஒரே ஊராட்சிக்குள் ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்த குக்கிராமத்துக்கும் நடுவே ஓடையும் மேடும் இருக்கும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய காகிதம் அங்கே எட்டாது. அறிவிப்பு ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. அரசாணைகளில் இதைக் 'குறைவெண் வரம்பு' என்பார்கள். பேச்சு வழக்கில் 'கோரம்'. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வந்திருக்க வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். 10,000-க்கு மேல் 300 பேர். கூட்டம் முடிந்த பிறகு நோட்டு வீடு வீடாகச் சுற்றுவது இந்த எண்ணிக்கையை எட்டுவதற்காகத்தான்.

கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் ஊராட்சித் தலைவர். அவர் கூட்டத் தவறினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் கூட்டலாம். தலைவருக்கு விருப்பமில்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போய்விடாது.

மலைக்கு ஏன் இன்னொரு கணக்கு?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் என இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் தேங்கும் கோமுகி ஆற்றின் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்ற பெயர்கள், மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் குளிக்கப் போய் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்தான். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மலையாளிகள் அரசின் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். மரவள்ளி, சாமை, தினை விளைவிப்பதும், கடுக்காய், புளி, தேன் சேகரிப்பதும் இவர்கள் பிழைப்பு.

இந்த மலை நீண்ட காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் அரசு இதை எடுத்துக்கொண்டது. அதனால் சமவெளியில் பரம்பரையாகக் கைமாறிவரும் பத்திரம், பட்டா, சிட்டா எல்லாம் இங்கே பலரிடம் இருந்ததில்லை. பட்டா கிடைத்த நிலம் உண்டு. காட்டின் எல்லைக்குள் வருவதால் காகிதமே இல்லாத நிலமும் உண்டு. உழுதவருக்குத் தெரியும் அது யார் நிலம் என்று, பதிவேட்டுக்குத் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் வன உரிமைச் சட்டம். 2006-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2007-ன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்தோ, பயிரிட்டோ வந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். ஏக்கர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 10. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமை ஆவணம் வழங்குவது பல ஆண்டுகள் தாமதமானது. அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

குடும்பப் பெண்கள் இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. திருமணமானவர்களுக்கு உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் தரப்பட வேண்டும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே தர வேண்டும். அந்த நிலத்தை விற்க முடியாது. பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும்.

இந்த உரிமையைத் தீர்மானிக்கும் முதல் படி தாசில்தாரோ வனத்துறையோ அல்ல. கிராம சபைதான். மனுவை வாங்குவதும், சரிபார்ப்பதும், தீர்மானம் போட்டு மேலே அனுப்புவதும் ஊரின் வேலை என்று சட்டம் வைத்திருக்கிறது. அதனால்தான் இங்கே கூட்டத்துக்கான விதிகளும் கடுமையாக இருக்கின்றன.

பாதிப் பேர், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்

வன உரிமை பற்றிப் பேசும் கிராம சபைக்கு மேலே சொன்ன 50, 100, 200 கணக்கு பொருந்தாது. 2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சபையின் மொத்த உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். மனுக்களின் மீது தீர்மானம் போடும் நாள் என்றால், மனு கொடுத்தவர்களில் பாதிப் பேராவது நேரிலோ, அவர்கள் சார்பாக ஒருவரோ இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒரு குக்கிராமத்தில் வயது வந்தவர்கள் 240 பேர். 30 குடும்பங்கள் மனு கொடுத்திருக்கின்றன. கூட்டம் செல்ல 120 பேர் வர வேண்டும். அந்த 120-ல் 40 பேராவது பெண்கள். மனு கொடுத்த 30-ல் 15 பேராவது இருக்க வேண்டும். 119 ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தால், தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் கூட்டம் செல்லாது.

கூட்டம் எந்த அளவில் நடக்க வேண்டும் என்பதும் முக்கியம். பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிக்கு மொத்தமாக ஒரே கூட்டம் போட்டால், பாதிப் பேர் வருவது நடக்காத காரியம். பக்கத்து மேட்டில் யார் உழுகிறார்கள் என்பதும் தூரத்து ஊர்க்காரருக்குத் தெரியாது. அதனால் மக்கள் உண்மையில் வாழும் குடியிருப்பு அளவிலேயே இந்தச் சபையைக் கூட்ட வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-ல் மாநிலங்களுக்குச் சொன்னது.

முதல் கூட்டத்திலேயே சபை தன் உறுப்பினர்களிலிருந்து வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருக்கும் இந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 15 பேர் குழு என்றால் 10 பேர் பழங்குடியினர், 5 பேர் பெண்கள். ஒருவரே இரண்டு கணக்கிலும் வரலாம்.

மனு போகும் பாதை

கிராம சபை மனுக்களைக் கேட்டு அறிவிப்பு கொடுத்ததும் 3 மாத அவகாசம். அதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் சபையே காரணத்தை எழுதி அவகாசத்தை நீட்டிக்கலாம்.

மனுவோடு குறைந்தது இரண்டு ஆதாரங்கள் தேவை. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது போன்றவை உதவும். காகிதமே இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. நிலத்தில் உள்ள கிணறு, கல் வரப்பு, பழைய மரங்கள், முன்னோரைப் புதைத்த இடம் போன்ற தடயங்களைக் காட்டலாம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் ஆதாரமே. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் ஞாபகத்துக்கும் இந்தச் சட்டம் மதிப்பு கொடுத்திருக்கிறது.

பிறகு வன உரிமைக் குழு நிலத்துக்கே போய்ப் பார்க்கும். மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். வந்த வன, வருவாய் அலுவலர்கள் தங்கள் பதவி, தேதி, கருத்து ஆகியவற்றோடு கையெழுத்திட வேண்டும். குழுவின் அறிக்கை சபைக்கு வரும். சபை தீர்மானம் நிறைவேற்றி, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பும். அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். முடிவு அங்கேதான்.

நடுவில் மனு தள்ளுபடியானால், அதற்கான காரணத்தை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சபையின் தீர்மானத்தை எதிர்த்துக் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் 60 நாட்களுக்குள் முறையிடலாம். மனுதாரரின் பக்கத்தைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது.

இந்தப் பாதை முழுவதும் நிற்பது முதல் படியான அந்தத் தீர்மானத்தின் மேல். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று நோட்டில் இல்லையென்றால், அந்த ஒரு காரணமே ஊர் முழுவதன் மனுக்களையும் திருப்பி அனுப்பப் போதும். யாரோ செய்த அவசர வேலைக்கு, சரியான ஆதாரம் வைத்திருக்கும் குடும்பமும் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும்.

சாலைக்கும் சபைதான் சாவி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதையடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்ற பழைய குறைகள் அப்போது மீண்டும் பேசப்பட்டன.

இந்தக் குறைகளிலும் கிராம சபைக்கு ஒரு பங்கு உண்டு. காட்டு நிலம் வழியாகச் சாலை போட வேண்டும் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைக்காது என்பது பொதுவான எண்ணம். வன உரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொரு வசதிக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும்.

பிரசவ வலியில் துடிப்பவரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை நடக்க வேண்டியிருக்கும் ஊருக்கு இந்தப் பரிந்துரைத் தீர்மானம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. சாலை கேட்டு மனு மேல் மனு கொடுப்பதோடு, சபையில் முறைப்படி ஒரு தீர்மானம் போட்டு நகலைக் கையில் வைத்திருப்பதும் அவசியம்.

12 ஊர்கள் சொன்ன பதில்

கிராம சபைத் தீர்மானத்துக்கு அவ்வளவு வலு உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒடிசாவின் நியம்கிரி மலை ஓர் உதாரணம். டோங்கிரியா கோண்டு பழங்குடியினர் வாழும் அந்த மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டத் திட்டம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, அந்த மக்களின் மத, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்றது.

அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 கிராம சபைகள் கூடின. ஒவ்வொன்றையும் மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக இருந்து கவனித்தார். 12 சபைகளும் வேண்டாம் என்றன. மறு ஆண்டு தொடக்கத்தில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

அங்கே கூட்டம் எழுத்துப்படி நடந்தது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது பதிவானது. நோட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கியிருந்தால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அந்தத் தீர்மானங்களை உடைத்திருப்பார்.

ஊரில் இல்லாதவர்கள்

பாதிப் பேர் வர வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். ஆனால் மலையில் அதை எட்டுவது சுலபமில்லை. அறுவடைக் காலத்தில் குடகுக்கும் கேரளத்துக்கும் காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. திருப்பூர் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்களும் உண்டு. ஜனவரி 26 கிராம சபை, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களின் நடுவில் வருகிறது. வீட்டில் வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் நாளில் பாதிப் பேருக்கு எங்கே போவது?

இதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. வன உரிமைக்கான கிராம சபையை அந்த 6 நாட்களில்தான் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. திருவிழாவுக்காக எல்லோரும் ஊர் திரும்பியிருக்கும் வாரத்தில் நடத்தலாம். ஆள் சேராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைத்து, அப்படித் தள்ளிவைத்ததையும் நோட்டில் எழுதி, இன்னொரு நாள் கூடலாம். தள்ளிவைத்த கூட்டத்தால் ஒரு மாதம் போகும். பொய்க் கையெழுத்தால் பல ஆண்டுகள் போகலாம்.

பெண்களின் வருகைக்கும் நேரம் பெரிய தடை. காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் வேலைக்குப் போன பெண்கள் வர முடியாது. எத்தனை மணிக்கு வைத்தால் 40 பெண்கள் வருவார்கள் என்று மகளிர் குழுக்களைக் கேட்டு நேரம் குறிப்பதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

அறிவிப்பு வந்த நாளை வீட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். எத்தனை நாள் முன்பு சொன்னார்கள் என்பதற்கு அது சான்று.

உங்கள் ஊர்ப் பிரச்சினை கூட்டப் பொருளில் இல்லையென்றால், கூட்டத்துக்கு முன்பே எழுதித் தலைவரிடமோ ஊராட்சிச் செயலாளரிடமோ கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வருகைப் பதிவில் உங்கள் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தோ கைரேகையோ வேண்டாம். வராத மகனுக்காகவோ மருமகளுக்காகவோ நீங்கள் போடக் கூடாது.

தீர்மானத்தை எழுதிய பிறகு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'சாலை வசதி வேண்டும்' என்று மொட்டையாக இருந்தால் போதாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று இருக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வன உரிமைக் கூட்டம் என்றால் மொத்த உறுப்பினர்கள், வந்தவர்கள், வந்த பெண்கள், வந்த மனுதாரர்கள் என்ற நான்கு எண்களும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

தீர்மான நகலைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நடக்காத கூட்டம் நடந்ததாக நகலில் இருந்தால், அதை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். ஊராட்சித் தலைவருக்குப் பதில் சங்கச் செயலாளர், ஆட்சியருக்குப் பதில் மாவட்டப் பதிவாளர் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இனி யாராவது நோட்டோடு வாசலுக்கு வந்தால், கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. "தம்பி, அடுத்த கூட்டம் என்னிக்குன்னு சொல்லு. நானே வந்து அங்க போடறேன்" என்றால் போதும். வரும் தம்பிக்கும் அது புரியும். வெள்ளிமலையில் ஒரு பெண் அப்படிச் சொல்லிவிட்டுச் சபைக்குப் போய் உட்கார்ந்தால், செல்லக்கூடிய கூட்டத்துக்குத் தேவையான ஓர் ஆள் கூடுகிறார். தேவையான ஒரு பெண்ணும் கூடுகிறார். பின்னொரு நாள் நில உரிமை ஆவணத்தில் கணவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அச்சாக வேண்டுமென்றால், வேலை அந்தக் கூட்டத்தில்தான் தொடங்குகிறது.